வசந்தியின் பெயரில் நடந்த அறுவை

மெல்பேர்னுக்கு வந்த இரண்டாம் வருடம் எனக்குக் குடல்வால் வலி வந்தது. அகதி விண்ணப்பம் முடியாததால் என்னிடம் மருத்துவ அட்டை இல்லை. ஒரே வீட்டில் குடியிருந்த வசந்தி தன் அட்டையைத் தந்தாள். அதில் படம் இருக்கவில்லை. அவளுடைய பெயரிலேயே எனக்கு அறுவை நடந்தது.

ஏழு மாதம் கழித்து அதே வலி வசந்திக்கு வந்தது. அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். முன்வாசலில் இருந்த தாதி கணினியைப் பார்த்து, குடல்வாலை ஏற்கனவே எடுத்தாயிற்று, அவசரமில்லை என்று எங்களைக் காத்திருக்கச் சொன்னார்.

“உண்மையைச் சொல்லுவம்,” என்றேன்.

“சொன்னா உன்னை ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். நான் தாங்குவன்.”

கதிரையில் மூன்று மணி நேரம் குனிந்தபடி இருந்தாள். நானும் பேசாமல் பக்கத்தில் இருந்தேன். அவள் தரையில் சரிந்த பிறகுதான் எழுந்து போய், சட்டையைத் தூக்கித் தாதிக்குத் தழும்பைக் காட்டினேன்.

“அந்த அறுவை எனக்கு நடந்தது. நான் வசந்தி இல்லை.”

அவளை உள்ளே கொண்டு போனபோது குடல்வால் வெடித்திருந்தது. அவள் பிழைத்தாள்.

மற்றவரின் பெயரைப் பாவிப்பது இந்த மாநிலத்தில் குற்றம், சிறைக்கும் போகலாம் என்றார் ஆஸ்பத்திரி அறிவித்து வந்த பொலிஸ்காரர். எனக்குப் பயம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நீதவான் இருவரையும் நன்னடத்தைப் பிணையில் விட்டார். பிறகு விசாவும் கிடைத்தது.

பெயரைப் பொய்யாகப் பாவித்ததற்குச் சட்டத்தில் தண்டனை இருந்தது. அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. வசந்தியும் இன்றுவரை கேட்டதில்லை.