ஜெகநாதனின் இடக்கை விசைகள்

செய்தி வந்தபோது பந்தல்குடிப் பள்ளி ஒன்றின் கேள்வித்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஜெகநாதனின் தம்பிதான் ஃபோனில் பேசினார். “அண்ணே தவறிட்டாக அக்கா. கிட்னி ரெண்டும் கைவிட்டுருச்சு. மத்தியானம் எடுக்குறோம், வந்துருங்க.” வாரேன் என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை.

அருப்புக்கோட்டையில் எங்கள் ஜாப் டைப்பிங் கடைக்கு வந்துபோன அத்தனை பேருக்கும் ஜெகநாதனைத் தெரியும். கல்யாணப் பத்திரிகை, கேள்வித்தாள், சங்கத்துத் துண்டறிக்கை என எதைக் கொண்டுவந்தாலும், அதிலுள்ள பிழையைச் சத்தமாக வாசித்து, கொண்டுவந்தவரின் மானத்தை வாங்கிவிடுவார். நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. விசைத்தறியின் பெல்ட்டில் மாட்டியதில் வலக்கை விரல்கள் மடங்காமலே போய்விட்டன. அதற்குப் பிறகுதான் டைப் அடிக்கப் பழகினார், இடக்கையால் மட்டும். யாராவது பாவமாகப் பார்த்தால், “கல்யாணச் சாப்பாட்டுக்குத்தான் சங்கடம். மத்ததுக்கு ஒரு கை போதும்” என்பார்.

உண்மையில் போதவில்லை. கணினியில் நாங்கள் டைப் அடித்த எடிட்டர் என்ற மென்பொருளுக்குள்ளேயே ஃபைல்களின் பட்டியல் திறக்கும். ஒரு ஃபைலைத் திறக்க ஒரு விசை, பெயர் மாற்ற ஒன்று, நகல் எடுக்க ஒன்று, அழிக்க ஒன்று. பாதி விசைகள் வலப்பக்கம் இருந்தன, சிலவற்றுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து, உடம்பைத் திருப்பி அழுத்துவதைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும். எந்த விசைக்கு எந்த வேலை என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று கையேட்டின் கடைசியில் போட்டிருந்தது. எங்களில் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. அவர் போனார். பட்டியலில் செய்யும் எல்லா வேலைகளையும், வேலைக்கு ஒரு வரி எழுதி, இடப்பக்கத்து எழுத்துகளுக்கு மாற்றிவிட்டார்.

அழிப்பதை மட்டும் வலப்பக்கம் ஆங்கில ‘ஓ’ எழுத்தில் வைத்தார். ஏன் என்று கேட்டேன். “அழிக்கிறதுக்கு மட்டும் கை நோகணும்மா. அப்பத்தான் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிப்பேன்” என்றார். மற்ற எல்லாக் கணினிகளிலும் அந்த ‘ஓ’தான் ஃபைலைத் திறக்கும் விசை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் கணினியில் அவரைத் தவிர யாரும் உட்காருவதில்லை. ‘கேட்டுவிட்டுத் தொடவும்’ என்று ஒரு சீட்டையும் அதில் ஒட்டிவைத்தார். நாலு மாதம் கடையிலேயே வேகமான ஆள் அவர்தான்.

பரிசோதனைக்காக அவர் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, திருச்சுழிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து அரையாண்டுக் கேள்வித்தாள்களை வாங்கிப்போக ஆள் வந்துவிட்டார். முதலாளி அண்ணாச்சி நேரே ஜெகநாதனின் நாற்காலியில் உட்கார்ந்தார். “அண்ணாச்சி, அதுல விசையெல்லாம் மாறியிருக்கு” என்று கத்தினேன். “எம் மிஷின்ல கை வைக்க நான் எவன்ட்ட கேக்கணும்?” என்றபடி சீட்டைக் கிழித்துப் போட்டார். ஃபைல் திறக்கிறது என்ற நினைப்பில் ‘ஓ’வைத் தட்டினார். உறுதிதானா என்று எடிட்டர் கேட்டது. வாசிக்காமலே என்ட்டரைத் தட்டினார். திறக்கவில்லையே என்று அடுத்த ஃபைலையும் அப்படியே தட்டினார். நான் எழுந்து ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பத்தாம் வகுப்புக் கேள்வித்தாள் முழுதும் போய்விட்டது. பிளாப்பியில் இருந்த நகலும் திறக்கவில்லை. எங்கள் ஊர்ப் புழுதியில் பிளாப்பி அதிக நாள் தாங்காது.

மறுநாள் ஜெகநாதன் வந்ததும் அண்ணாச்சி, “எல்லாத்தையும் பழையபடி மாத்துலே” என்றார். அழிக்கும் விசையை மட்டும் மாற்றினால் போதும் என்று நான் சண்டை பிடித்தேன். “ஒருத்தன் கைக்கு ஒரு மிஷின்னா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்” என்று என் வாயை அடைத்தார். ஜெகநாதன், “எங் கைய மட்டும் நெனச்சுட்டேன், தப்புதான்” என்றார். விசைகளை மாற்றும் வழி வேறு யாருக்கும் தெரியாததால் அவரே உட்கார்ந்து, தான் போட்ட ஒவ்வொரு வரியையும் இடக்கையால் அழித்தார். முடித்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு என்னிடம் சொன்னார்: “இனிமே இதுல யாரு வேணாலும் உக்காரலாம்மா. என்னத் தவிர.”

அப்படியேதான் ஆயிற்று. அவருடைய வேலை தேங்கியது. முதலில் அவரைத் தாள் அடுக்கச் சொன்னார்கள், பிறகு வாசலில் ரசீது போடச் சொன்னார்கள். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. அதன்பின் பாளையம்பட்டியில் ஒரு மில்லுக்கு வாட்ச்மேனாகப் போனார். ஒருமுறை டவுன் பஸ்ஸில் பார்த்தபோது முகம் வீங்கியிருந்தது. இப்போது என்ன எடிட்டர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். “அதுலயும் மாத்தலாம்மா” என்றார், இறங்கிப் போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு அண்ணாச்சி மாலையோடு வந்தார். கண் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். “நல்ல பய. நான் போகச் சொல்லல, அவனாத்தான் நின்னுட்டான்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவரும் தலையை ஆட்டினார். ஊரே அப்படித்தான் சொல்கிறது. அவரை அறிந்த நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

எனக்கென்று அவரிடமிருந்து மிச்சமிருப்பது விசைகளை அவரே பழையபடி மாற்றிய அன்று கண்ணால் பார்த்தது மட்டும்தான். அதை நான் விடப் போவதில்லை. ஜெகநாதன் அவராக வேலையை விட்டு நிற்கவில்லை. அவர் கையைக் கொண்டே அவரை நிறுத்தினார்கள்.