இராசரத்தினம் அண்ணை வானொலியை நிறுத்திய கதை

எங்கள் வெக்ஸ்போர்ட் கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருக்கும் இராசரத்தினம் அண்ணைக்கு இலங்கையில் வாக்கு இல்லை. அவருடைய நண்பர் சோதிலிங்கத்துக்கும் இல்லை. இருவரும் கனடாக் குடியுரிமை எடுத்து இருபத்தைந்து வருடமாகிறது. ஆனாலும் அங்கே நடந்த ஜனாதிபதித் தேர்தல்தான் இங்கே இந்த இருவரையும் பிரித்தது. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

இருவரும் ஒரே பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். ஓய்வுக்குப் பிறகு சோதிலிங்கம் ஒரு சின்னத் தமிழ் வானொலியில் மாலைச் செய்தி வாசிக்கவும் நேயர் நேரம் நடத்தவும் போனார். அண்ணைக்கு ஒவ்வொரு மாலையும் அந்த வானொலியில் செய்தி, பிறகு மரண அறிவித்தல், பிறகுதான் தேத்தண்ணி.

தேர்தல் சூடுபிடித்ததும் அண்ணைக்கு மனம் குழம்பியது. வானொலி ஒரு வேட்பாளரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது, தான் ஆதரிக்கும் ஆளைப் பற்றி மூச்சுக்கூட விடுவதில்லை என்றார். அதில் உண்மையும் இருந்தது. வானொலி முதலாளி அப்படிப்பட்ட ஆள். ஆனால் அண்ணை பாய்ந்தது முதலாளி மேல் அல்ல. நேயர் நேரத்தில் தொலைபேசி எடுத்து, ஊரே கேட்க, "சோதி, நீ எவ்வளவுக்கு விலைபோனனீ?" என்று கேட்டார். சோதிலிங்கம் அடுத்த பாட்டைப் போட்டார்.

அன்றே அண்ணை வானொலிப் பெட்டியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார்.

"உவங்கட பொய் இனி என்ர வீட்டுக்குள்ள கேக்கக்கூடாது."

"ஒருக்கா அவரோட கதையுங்கோவன் அண்ணை" என்றேன்.

"அவன் கோல் எடுக்கட்டும்."

தேர்தல் முடிந்தது. அண்ணையின் ஆளும் தோற்றார், வானொலியின் ஆளும் தோற்றார். பெட்டி மட்டும் வெளியே வரவில்லை.

நவம்பரில் ஒரு நாள் தமிழ்க் கடையில் வாராந்தப் பத்திரிகையைப் புரட்டினேன். சோதிலிங்கத்தின் படம் இருந்தது. மாரடைப்பு. தகனம் நான்கு நாட்களுக்கு முன்பே முடிந்திருந்தது. எங்கள் ஆட்கள் சாவை வானொலியில் அறிவித்துவிட்டால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. எல்லோரும் கேட்டிருப்பார்கள் என்றுதான் கணக்கு.

படத்தைக் காட்டியபோது அண்ணை கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

மில்லிக்கனில் இருந்த அவர்கள் வீட்டுக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். சோதிலிங்கத்தின் மனைவி ஜெயமலர் அக்கா கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உங்களுக்காண்டித்தான் அவர் முதலாளியோட சண்டை பிடிச்சவர் அண்ணை. தேர்தலுக்கு முதல் கிழமை உங்கட ஆளுக்கு அரை மணித்தியாலம் வாங்கி, தானே எழுதி வாசிச்சவர். அதோட அவரை வேலையால நிப்பாட்டிப்போட்டினம். ரத்தினம் கட்டாயம் கேப்பான் எண்டு சொன்னவர். கேட்டனீங்களோ?"

இல்லை என்று சொல்ல அண்ணைக்கு வாய் வரவில்லை. வேலையையும் இழந்து அந்த மனுசன் வாசித்தது வீணாகப் போயிற்று என்று அவரின் மனைவியிடம் எப்படிச் சொல்வது?

"ஓம் தங்கச்சி. முழுக்கக் கேட்டனான். நல்லா வாசிச்சவன்."



"உங்கட கோல் வரும் எண்டு வாசிச்ச நாளில இருந்து போனைக் கையில வைச்சுக்கொண்டு திரிஞ்சவர்" என்றார் ஜெயமலர் அக்கா. "கேட்டுப்போட்டும் நீங்கள் எடுக்கேல்லையே, அண்ணை?"