முதலில் ஓடுகிறவள்

டேப் அக்காவுக்குப் பயம் என்பது சாப்பாடு மாதிரி, வேளா வேளைக்கு வந்துவிடும். லிஃப்டில் ஏறப் பயம், பல்லியைக் கண்டால் பயம், நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் பயம். "பயப்படுறதுக்குச் சம்பளம் குடுத்தா இந்நேரம் நாம மாடிவீடு கட்டியிருப்போம்" என்பார் அவள் கணவர். கிண்டல் செய்ய எவராலும் முடியும். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும் அறையில் பல வருஷம் வேலை பார்த்தவள் அவள். உடைந்த தாடையையும் நொறுங்கிய முட்டியையும் தினம் தினம் பார்த்தவளுக்குப் பயம் வராமல் வேறென்ன வரும்?

அந்த வேலையை விட்டு, பெண்கள் ஹாக்கி விடுதிக்கு வந்து சேர்ந்தாள். பயிற்சிக்கு முன்னால் கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, அடிபட்டால் ஐஸ் வைப்பது, பைகளையும் கவசங்களையும் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் வேலை. பெயரை யாரும் கேட்கவில்லை. முதல் வாரமே டேப் அக்கா ஆகிவிட்டாள். அவளுடைய பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தால் எந்தப் பெண்ணுக்கும் வாய் திறந்துகொள்ளும். பாக்கி நிற்கும் வாடகை, அப்பாவின் குடி, 'விளையாடிக் கிழிச்சது போதும்' என்ற அண்ணனின் ஏச்சு, எல்லாம் அங்கேதான் கொட்டும். 

ஒருத்தி மட்டும் எதுவும் பேசமாட்டாள். பயிற்சியாளர் அவளுக்குப் புயல் என்று பெயர் வைத்திருந்தார். பெனால்டி கார்னர் என்றால் எதிரணிக்காரி கோலைப் பார்த்துப் பந்தை விளாசுவாள். கோல் கோட்டிலிருந்து ஒருத்தி முதலில் கிளம்பி, நேராக அந்த மட்டையை நோக்கி ஓட வேண்டும். வருவது கல் மாதிரிக் கெட்டியான பந்து. அதனால் ஓடுகிறவள் முகக்கவசமும் முட்டிக்காப்பும் மாட்டிக்கொள்வாள். மாட்டிக்கொண்டும் கடைசி நேரத்தில் எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கத்தான் செய்வார்கள். புயல் ஒதுங்கமாட்டாள். "பயம்னா என்னன்னே தெரியாத பொண்ணு!" என்று பயிற்சியாளர் பூரித்துப்போவார். மற்றப் பெண்கள் கைதட்டுவார்கள். டேப் அக்கா மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒருநாள் ஓடும்போது புயலின் முகக்கவசம் கழன்று விழுந்தது. வார் இற்றுவிட்டது போலிருக்கிறது என்று டேப் அக்கா ஊசிநூல் எடுத்து இழுத்துத் தைத்துக் கொடுத்தாள். பல்லால் கடித்தாலும் பிரியாத தையல் அது. சில நாளில் மறுபடியும் கழன்றது. எடுத்துப் பார்த்தாள். நூல் தானாக அறுந்திருக்கவில்லை, யாரோ சுத்தமாகக் கத்தரித்திருந்தார்கள். முட்டிக்காப்பு புயலின் பைக்கு அடியில் கடையில் வாங்கிய மேனிக்குக் கிடந்தது. வேர்வை வாடைகூட இல்லை. அதை எடுத்த இடத்திலேயே வைத்துப் பையை மூடினாள்.

மறுநாள் புயலின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டாள்.

"வாரை நீயாடி வெட்டினே?"

புயல் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"அந்தப் பந்து மூஞ்சியில பட்டா என்ன ஆகும்னு தெரியுமா? நான் பாத்திருக்கேன் கண்ணு."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

புயல் சுவரைப் பார்த்துக்கொண்டு, யார் வீட்டுக் கதையோ போலச் சொன்னாள். "அப்பா முதுகு போயி படுத்துட்டாரு. அம்மா நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறாங்க. போன் பண்ணும்போதெல்லாம், உன்னை டீம்ல எடுத்துட்டா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை வந்துரும்ல, தம்பிக்கு ஃபீஸ் கட்டிரலாம்லன்னு கேக்குறாங்க. என்னை எடுக்க மாட்டாங்கக்கா. என்னைவிட நல்லா ஆடுறவங்க இருக்காங்க. தோத்துட்டேன்னு சொல்லிட்டு எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது? அடிபட்டுப் போனா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. பாவம்னு சொல்லுவாங்க."

டேப் அக்காவின் கையில் டேப் சுருண்டு ஒட்டிக்கொண்டது.

"சார்கிட்ட சொல்லிராதீங்க. வீட்டுக்கு அனுப்பிருவாரு. அப்புறம் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம்.  ஒரு தைரியசாலியாக இருந்திருந்தால் ரகசியத்தைக் காப்பாற்றியிருப்பாள். இவள் பயந்தாங்கொள்ளி. நேராகப் பயிற்சியாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

அவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. கத்தரித்த வாரைக் காட்டியதும் பந்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஒவ்வொரு தடவையும் சபாஷ் போட்டேனேம்மா" என்றார். புயலை வீட்டுக்கு அனுப்பவில்லை. பெனால்டி கார்னரில் ஓடும் வேலையிலிருந்து மட்டும் எடுத்தார். விடுதிக்கு வந்துபோகும் மனநல ஆலோசகரிடம் உட்காரவைத்தார். அவளுடைய விடுதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அலுவலகத்தில் சண்டை போட்டார். புயல் டேப் அக்காவின் முகத்தில் முழிப்பதை நிறுத்தினாள். தன் காலுக்குத் தானே டேப் சுற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சியாளரும் டேப் அக்காவும் புயலின் வீட்டுக்குப் போனார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. பலகையில் படுத்திருந்த அப்பா கேட்ட முதல் கேள்வி, "வேலை கிடைச்சுருமா சார்?"

"தெரியாதுங்க. சத்தியமா தெரியாது."

அம்மா முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டேப் அக்கா திக்கித் திணறி வார் கதையைச் சொல்லி முடித்தாள்.  அப்பா போனைக் கேட்டு வாங்கி மகளைக் கூப்பிட்டார். "வேலை வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்மா. நீ முழுசா வீட்டுக்கு வந்து சேரு."  அவள் அதைக் கேட்டாளா, கேட்டும் நம்பினாளா, யாருக்கும் தெரியவில்லை. 

அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஆட்டம் வந்தது. சமநிலையில் முடியப்போகும் நேரத்தில், கார்னருக்கு ஓட வேண்டிய பெண் கால் பிசகி வெளியே வந்தாள். டேப் அக்கா குனிந்து ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது பெனால்டி கார்னர் விசில் கேட்டது. நிமிர்ந்தாள். ஓடுகிறவள் நிற்கும் இடத்தில், யாரும் சொல்லாமலே புயல் போய் நின்றிருந்தாள். முகக்கவசம் முகத்தில் இல்லை, கையில் தொங்கியது.

பயிற்சியாளர் எல்லைக்கோட்டில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார். கூட்டத்தின் இரைச்சலில் யார் காதில் விழும்?  இனி இந்தப் பெண்ணின் முகத்தை எந்த மாவுக்கட்டு அறையில் பார்க்கப்போகிறோமோ என்று டேப் அக்கா ஐஸ் பையோடு எழுந்து நின்றாள்.

புயல் கவசத்தைத் தூக்கி மாட்டினாள். வாரை இழுத்தாள். போதாதென்று இன்னொரு முறை இழுத்தாள். பந்து உள்ளே வந்ததும் ஓடினாள். எதிரே மட்டை சுழன்றது. புயல் தலையைத் தாழ்த்தி, தோளைத் திருப்பி, ஒதுங்கினாள். பந்து அவள் காதோரமாகச் சீறிப் போய்க் கோலுக்குள் விழுந்தது.

எதிரணி குதித்தது. இவர்கள் பெஞ்சில் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஆட்டம் போயிற்று.

புயல் கவசத்தைக் கழற்றிக்கொண்டே நேராக டேப் அக்காவிடம் வந்தாள். பல் தந்தியடிக்க நடுங்கினாள்.

"பயந்துட்டேன்க்கா. என்னால ஆட்டமே போச்சு. ரொம்பப் பயந்துட்டேன்."

டேப் அக்கா ஐஸ் பையைப் போட்டுவிட்டு அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்ல வேண்டியவள், ஊரே திரும்பிப் பார்க்கும்படி தானே குரலெடுத்து அழுதாள்.

"நல்லவேளைடி" என்றாள். "நல்லவேளை."