ஏழாம் எண் சட்டை

மீன் பிடிக்கப் போன இத்ரீஸ் கடலோடு போனதை, கண் தெரியாத அவன் உம்மா ஆமினத்திடம் எங்கள் தீவில் யாரும் சொல்லவில்லை. ஸகரிய்யா மணிக்தான் தினமும் பந்தாடி முடித்ததும் உம்மா தடவிப் பார்ப்பாரே என்று இத்ரீஸின் ஏழாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு போய், அவர் வைக்கிற மாசிக் கருவாட்டையும் ரொட்டியையும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு வருவான். மணிக்கும் இத்ரீஸும் மாலத்தீவுக் கைப்பந்து அணியில் சேர்ந்து ஆடியவர்கள்.

அணி ஒரு மாதம் வெளிநாடு போக வேண்டி வந்தது. மகன் வராவிட்டால் உம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று மணிக் தவித்தான்.

"நீயும் போகலேன்னா எப்படிடா? நம்ம நாட்டுல ஆறு பேர் தேறுறதே பெரும்பாடு," என்றேன், அவன் அக்கா என்று கூப்பிடுகிற நான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் நானும் அவனோடு போனேன். காலடிச் சத்தம் கேட்டதும் உம்மா சிரித்தார்.

"என்னடா மகனே, இப்பத்தானே தின்னுட்டுப் போனே? அதுக்குள்ள பசியா?"

தட்டு காலியாக இருந்தது. பக்கத்தில், ஆடுகிறவர்கள் விரலில் சுற்றும் வெள்ளை நாடா ஒன்று நனைந்து கிடந்தது. மணிக் நாடா சுற்றுவதில்லை. இத்ரீஸ்தான் சுற்றுவான். நான், பயத்தில் காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே நின்றேன்.

மறுநாள் படகுத்துறையில் மணிக்கின் முகத்தில் தவிப்பே இல்லை.

"அக்கா, உம்மாவைப் பாக்கப் போனா கதவைத் தட்டிட்டுப் போங்க. உள்ள ரெண்டு பேர் இருக்காங்க," என்றான்.