விழாத இலை

போன ஞாயிற்றுக்கிழமை கராஜைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இறங்கினேன். மாசி என்கிற இந்தப் புறநகருக்கு வீடு மாறி வந்ததிலிருந்து பிரிக்காமலே கிடக்கும் பெட்டிகள் அங்கே சில உண்டு. அதில் ஒரு பழைய ரைஸ் குக்கர் பெட்டிக்குள் குக்கரைக் காணோம், ஒரு காகித இலைதான் இருந்தது. ஆரஞ்சு நிறம் வெளுத்துப்போய், ஐந்து விரலை விரித்த சின்னக் கை மாதிரி வெட்டிய இலை. காம்பு இருக்க வேண்டிய இடத்தில் செலோடேப், அதன்மேல் இன்னொரு டேப், அதற்கும் மேல் குழாய் ஒழுகினால் சுற்றுவோமே, அந்தக் கறுப்பு டேப். மூக்கருகே கொண்டுபோனேன். வந்தது தூசி வாசனைதான். ஆனாலும் எனக்கு மைதா மாவு கொதிக்கிற வாசனை அடித்தது. என் மூக்கை எப்போதுமே நம்ப முடியாது.

அப்போது நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பாபடோயிட்டோய் என்ற பகுதியில் ஒரு பின்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். முன்வீட்டில் வீட்டுக்கார அம்மா, சாரதா அக்கா. ஃபீஜியில் பிறந்தவர். அவர் தாத்தா பேசிய தமிழில் கொஞ்சம் அவரிடம் மிச்சம் இருந்தது. விமானங்கள் தாழ்ந்து இறங்கும் தெரு அது, பேசிக்கொண்டிருந்தால் பாதியில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடர வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவே பெரிய பொஹுடுகாவா மரம். மலேசியாவின் ஈப்போவிலிருந்து நாங்கள் வந்து இறங்கியது டிசம்பரில். மரம் முழுக்கச் சிவப்புப் பூ, தரை முழுக்கச் சிவப்பு நார்.

“பூவே இவ்வளவு கொட்டுதுன்னா, இலை கொட்டுறப்போ எப்படி இருக்கும்!” என்றாள் என் மனைவி கோமதி.

நானும் பெரிய மேதாவி மாதிரி தலையாட்டினேன். வெள்ளைக்காரன் ஊர் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை எல்லா மரமும் மொட்டையாகும். எங்கள் இருவருக்கும் தெரிந்த தாவரவியல் அதுதான். எங்கள் ஊரில் பருவம் என்றால் மழை, அடைமழை, டுரியான். விழுகிற பொருள் என்றால் முள் ஓடு போட்ட அந்த டுரியான் பழம் மட்டுமே. அது விழுகிற சமயத்தில் மரத்தடியில் நிற்கக் கூடாது என்ற அளவுக்கு எங்களுக்கு அறிவு உண்டு.

பிப்ரவரியில் கோமதியின் அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவள் ஒரே பெண். உடனே கிளம்பினாள். விமான நிலையத்தில் பெரியவள் தர்ஷினி அம்மாவின் துப்பட்டாவை விடவே இல்லை. நாலு வயது. சின்னவள் அனுவுக்கு மூன்றுகூட ஆகவில்லை. மார்ச், ஏப்ரல் என்று சொன்னால் புரியாத பிள்ளைகளிடம் வேறு எப்படிக் கணக்குச் சொல்வது? கோமதி குனிந்து சொன்னாள்.

“நம்ம வீட்டு மரத்துல இலையெல்லாம் சிவந்து விழும்ல, அப்போ அம்மா வந்துடுவேன்.”

“எல்லா இலையுமாம்மா?”

“எல்லா இலையும்.”

நான் ஈப்போ கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆபீஸ் திறப்பதற்குள் இங்கே மத்தியானம் ஆகிவிடும். அதனால் காலை நேரம் முழுக்கப் பிள்ளைகளோடுதான். தர்ஷினி எழுந்ததும் பல்கூட விளக்காமல் ஜன்னலுக்குப் போவாள். “இன்னும் பச்சைதாம்பா” என்று எனக்குச் செய்தி வாசிப்பாள். பிறகுதான் பசியாறுவது. ஏப்ரலில் கடைக்குப் போகிற வழியில் வேறு யாரோ வீட்டு மரம் தகதகவென்று சிவந்து, பாதி கொட்டியே போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, “அந்த வீட்டுப் பாப்பாவுக்கு அம்மா வந்துட்டாங்களாப்பா?” என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சாரதா அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மரத்தைக் காட்டி, இது எப்போது கொட்டும் என்று கேட்டேன்.

“இதா? இது கொட்டாது தம்பி. எப்பவும் பச்சதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினார்.

நான் காய்கறிப் பையோடு அங்கேயே நின்றேன். கொட்டாத மரத்தைக் காட்டி ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? போனில் கோமதி அழுதாள். அப்பாவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. “இப்படியே விட்டுட்டு எப்படிங்க வர்றது?” என்றாள். “அவசரமே இல்ல, நீ இருந்து பார்த்துட்டு வா” என்றேன். அதே மூச்சில், “ஆனா எப்ப வருவே?” என்றும் கேட்டேன். மரத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

சரி, மரம் கைவிட்டால் காகிதம் இருக்கிறதே என்று போனில் தேடினேன். சின்னப் பிள்ளைகளோடு வீட்டில் செய்யும் இலையுதிர்கால கைவேலை. வந்ததெல்லாம் அக்டோபர், பூசணிக்காய், புசுபுசு வால் அணில். இங்கே அக்டோபரில் வசந்தம். அணிலோ இந்த நாட்டிலேயே கிடையாது. அனு அந்தப் படத்தைப் பார்த்து “பூனை” என்றாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எந்த மாதத்தில் எந்தக் காலம் என்று அன்றைக்குக் குழம்பியதுதான், இன்றுவரை எனக்குத் தெளியவில்லை.

கடைசியில் இரண்டு டாலர் கடையில் கலர் காகிதம் வாங்கி வந்தேன். பசை வாங்க மறந்துவிட்டேன். மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கிண்டினேன். முதல் தடவை களி ஆனது, இரண்டாம் தடவை பசை மாதிரி ஏதோ ஒன்று. அதை அனு ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டாள். நான் சமைத்ததில் அவள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டது அது ஒன்றுதான். இலை வரைய எனக்கு வராது. தர்ஷினியின் கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்தேன். அதையே வெட்டினாள். காய்ந்த புல்லை நரம்பாக ஒட்டினோம். மேசை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகக் கைகள் குவிந்தன.

“இத என்னம்மா செய்யலாம், சுவத்துல ஒட்டலாமா?”

“மரத்துலப்பா. அதுக்கு எப்படிச் சிவக்கிறதுன்னு தெரியல. நாம சொல்லிக் குடுக்கலாம்.”

தாழ்ந்த கிளைகளில் எல்லாவற்றையும் ஒட்டினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது, காற்று வரும்வரை. ஆக்லாந்துக் காற்றுதான் உங்களுக்குத் தெரியுமே. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது: இவை நாளைக்கே விழுந்துவிடும். விழுந்தால் அம்மா வர வேண்டும்.

அதன்பிறகு தினமும் காலையில், பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிற நேரத்தில், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் இலைகளுக்கு டேப் போட்டேன். மழையில் நைந்ததற்கு மாற்று இலை, ஆடுவதற்கு இன்னொரு சுற்று. சாரதா அக்கா ஜன்னலைத் திறந்து கேட்டார்.

“என்ன தம்பி, ஊர்ல எல்லாம் எல விழுது. நீங்க விழாம ஒட்டறீங்க?”

“டிக்கெட் இன்னும் போடலக்கா” என்றேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. மறுநாள் கணவரின் டூல் பெட்டியிலிருந்து அந்தக் கறுப்பு டேப்பை எடுத்துவந்து கொடுத்தார்.

மே மாதத்தில் ஒரு நாள் காலை, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது தர்ஷினி மடி நிறைய இலையோடு உள்ளே வந்தாள். நாற்காலியை அவளே இழுத்துப்போட்டு ஏறியிருக்கிறாள்.

“விழவே மாட்டேங்குதுப்பா. அதான் நான் ஹெல்ப் பண்ணினேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. ஈப்போவில் அப்போது விடிந்தும் இருக்காது.

“அப்பா போயிட்டாருங்க” என்றாள் கோமதி.

நான் பேசிய விதத்தில் அம்மா என்று கண்டுபிடித்துவிட்டாள் தர்ஷினி. “அம்மா வர்றாங்களா?” என்றாள். கருமாதி முடிந்ததும் வந்துவிடுவாள், அது நிச்சயம். “வருவாங்க” என்றேன். அவ்வளவுதான், இலைகளை அள்ளி மேலே வீசி ஆடத் தொடங்கினாள். எதற்கென்றே தெரியாமல் அனுவும் கூட ஆடினாள். காதில் அழுகை, கண்ணெதிரே கூத்து. எந்த முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் ஈரக் கையோடு நின்றேன்.

கோமதி வந்த அன்று தர்ஷினி இலைகளை ஒரு பையில் போட்டு விமான நிலையத்துக்கே கொண்டுவந்தாள். “நான்தாம்மா எல்லாத்தையும் விழ வச்சேன்” என்று நீட்டினாள். “நல்ல வேலை செஞ்சே, என் தங்கம்” என்று அவளை அணைத்துக்கொண்டு அழுதாள் கோமதி.

வீட்டில் மாமனார் படத்துக்கு மாலை போட்டபோதுதான் தாத்தா சாமிகிட்ட போயிட்டார் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். தர்ஷினி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்படிக்கு வந்து என் லுங்கியைப் பிடித்தாள்.

“தாத்தா ஏன்பா போனாரு? நான் இலைய பிச்சதாலயா?”

இல்லை என்று சொன்னால், அம்மா வந்ததும் இலையால் இல்லை என்று ஆகும். இத்தனை நாள் ஜன்னலில் நின்றதெல்லாம் வீண். இலையால்தான் அம்மா வந்தாள் என்றால், தாத்தா கணக்கும் அதோடு சேர்ந்துவிடும். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான், அந்த இரண்டு வரியை எனக்கு நேர்செய்யத் தெரியவில்லை. “மைலோ குடிக்கிறியா?” என்றேன். குடித்தாள்.

வீடு மாறுகிற அன்றுதான் பார்த்தேன். அந்த மரத்தில் உள்ளே தள்ளி ஒரு கிளையில் ஒரு இலை அப்படியே இருந்தது. அவள் கைக்கு எட்டவில்லை, கறுப்பு டேப்பும் விடவில்லை. கத்தரித்து எடுத்து, கையில் கிடைத்த பெட்டியில் போட்டேன். அந்த அவசரத்தில் எதுவும் தோன்றவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கராஜ் தரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. எல்லா இலையும் விழவே இல்லை! இது மரத்தில் இருக்கும்போதே அம்மா வந்தாள், தாத்தா போனார். இலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, கண்ணு. இதோ சாட்சி.

இலையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். தர்ஷினி ஹைஸ்கூல் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“க்யூட். வொய் சோ மச் டேப், அப்பா?”

“காத்துக்கு விழாம இருக்கத்தாம்மா” என்றேன், அடுத்த கேள்விக்குத் தயாராக.

“ஓ, ஓகே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அந்த மரம், அந்தக் காலை எதுவுமே அவளுக்கு நினைவில்லை. பதில் ஒருவழியாக என் கைக்கு வந்துவிட்டது. லுங்கியைப் பிடித்துக் கேட்ட பிள்ளையைத்தான் காணோம்.