கார்டில் யார் பெயர்?

பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் அச்சுக் கடைக்கு லோரி ஓட்டும் ஓர் அக்கா தன் கணவருடன் வந்தார். வீட்டுச் சாமான் ஏற்றும் தொழிலுக்கு விசிட்டிங் கார்டு கேட்டார். நான் வழக்கம்போல் கணவர் பெயரைப் பெரிதாகவும் அக்கா பெயரைச் சின்னதாகவும் கணினியில் அமைத்தேன்.

“ஓட்டுறது நான். இவரு பேரு எதுக்கு?” என்றார் அக்கா.

“ஆம்பள பேரு இருந்தாதான் நம்பிக் கூப்பிடுவாங்கக்கா.”

“நம்பாதவன் அவன் சாமான அவனே தூக்கட்டும் லா!”

எனக்கு முகம் சுட்டது. எங்கள் கடையில் டிசைன் செய்வதும் அச்சடிப்பதும் நான். என் கணவருக்கு வேறு வேலை. ஆனாலும் கடைக் கார்டில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. அதை அடித்ததும் நான்தான்.

அன்றே அவர் பெயரை அழித்து என் பெயரைப் போட்டேன்.

“யாரக் கேட்டு மாத்தின?” என்றார், மாலையில் வந்த கணவர்.

“உங்க பேரப் போட்டப்ப யாரக் கேட்டேன்?”

புதுக் கார்டுகளில் முதலாவதை அவர் கையிலேயே கொடுத்தேன்.