பூட்டக்காவுக்கு லீவு கிடைத்த கதை

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில், பதினொரு வருஷமாக ஒருநாள்கூட லீவு எடுக்காத பெண்மணி ஒருவர் இருந்தார் என்றால், ஆகா, என்ன கடமை உணர்ச்சி என்று நீங்கள் கைதட்டுவீர்கள். தட்டாதீர்கள். யாரும் அவருக்கு லீவு கொடுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கம்பெனி நூற்றுப் பதினெட்டுக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் ஒரு ரகசிய எண் உண்டு. அதைத் தட்டினால்தான் மெக்கானிக் உள்ளே கைவைக்க முடியும். எண்கள் அத்தனையும் ஒரு பெட்டகத்தில் இருந்தன. பெட்டகம் என்றதும் இரும்புப் பெட்டியை நினைக்க வேண்டாம். கடவுச்சொற்களைப் பூட்டி வைப்பதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் அது. அதன் தலைமைச் சாவி இந்தப் பெண்மணியிடம் இருந்ததால் மெக்கானிக்குகள் அவருக்கு வைத்த பெயர் பூட்டக்கா.

"அக்கா, ஒன்பதாவது மாடியில நிக்கிறேன், நம்பர் சொல்லுங்க."

"எந்தக் கட்டடம்? எத்தனாவது லிஃப்ட்? உன் கார்டு நம்பர் என்ன?"

"என் குரல் தெரியலையாக்கா?"

"நல்லாவே தெரியுது. கார்டு நம்பரைச் சொல்லு."

ஒரு நாளைக்கு இப்படி அறுபது தடவை. சாப்பாட்டு டப்பாவின் மூடியில் கைவைத்தாலே போதும், போன் அடிக்கும்.

இப்படி இறுக்கி மூடிய வாய் ஒன்று கிடைத்தால் மனிதர்கள் சும்மா விடுவார்களா? "அக்கா, இதையும் உள்ள போட்டு வைங்களேன்" என்று ஆளாளுக்கு வர ஆரம்பித்தார்கள். மனசில் வைத்திருக்கவும் முடியாமல், வெளியே சொல்லவும் முடியாமல் தவிக்கிற சங்கதிகளை அவரிடம் இறக்கிவைத்துவிட்டுப் போவது அந்த ஆபீஸின் வழக்கமாகவே ஆகிவிட்டது. அவரும் பெட்டகத்தில் 'இதர' என்று ஓர் அடுக்கைத் திறந்து எல்லாவற்றையும் போட்டு வைத்தார். ஒருநாள் முதலாளியே கதவைச் சாத்திவிட்டு வந்து ஒன்றைச் சொல்லிப் போனார் என்றால் பாருங்களேன்.

இந்த நிலையில்தான் வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. தலைப்பிரசவம். "அம்மா, நீங்க வந்துடுவீங்கல்ல?" என்று மகள் தினமும் கேட்டாள். பூட்டக்கா டிக்கெட்டை எடுத்துவிட்டுத்தான் முதலாளி முன்னால் போய் நின்றார்.

"நீங்க போயிட்டா நம்பர் யார் சொல்றது?"

"ஒரு ஏஐ உதவியாளரை வைப்போம் சார். நான் கேக்கிற மூணு கேள்வியையும் அது கேட்டுட்டு நம்பரைச் சொல்லும்."

முதலாளி பேனாவை மூடினார். "புதன்கிழமை பதினோரு மணிக்கு எல்லார் முன்னாடியும் காட்டுங்க. ஓடுச்சுன்னா ரெண்டு வாரம் லீவு. ஓடலைன்னா டிக்கெட்டை ரத்து பண்ணிடுங்க."

பூட்டக்கா மளமளவென்று வேலையில் இறங்கினார். உதவியாளரைப் பெட்டகத்தோடு நேரே கோத்துவிட அவருக்குப் பைத்தியமா என்ன? நடுவில் ஒரு கன்டெய்னரை வைத்தார். கம்ப்யூட்டருக்குள்ளேயே நாலு சுவர் எழுப்பிய குட்டி அறை மாதிரி அது. பெட்டகத்தோடு பேசுவது அந்த அறை மட்டும்தான். உதவியாளர் அதன் ஜன்னலில் நின்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாமென்றால் ஒரே கட்டளையில் அறையை இடித்துவிட்டு நொடியில் புதிதாகக் கட்டலாம். அந்த அறைக்கென்று லிஃப்ட் எண்கள் உள்ள அடுக்கை மட்டும் திறக்கிற ஒரு சின்னச் சாவியும் செய்து வைத்தார்.

புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அந்தச் சின்னச் சாவி வேலை செய்யவில்லை. என்ன செய்தாலும் 'அனுமதி இல்லை' என்றே வந்தது. கூடத்தில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. பூட்டக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்போதைக்கு இருக்கட்டும் என்று தன்னுடைய தலைமைச் சாவியை எடுத்துக் கன்டெய்னருக்குள் வைத்துவிட்டார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், இந்த 'இப்போதைக்கு' மனிதரை என்ன பாடு படுத்தும் என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

முதலில் எல்லாம் அமர்க்களமாகத்தான் போனது. ஒரு மெக்கானிக் போனில் கேட்டார்; உதவியாளர் மூன்று கேள்வி கேட்டு எண்ணைச் சொன்னது. ஒரே கைதட்டல். முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. மைக்கை வாங்கி, "வேற என்னெல்லாம் வச்சிருக்க? எல்லாத்தையும் சொல்லு பாப்போம்!" என்றார்.

"நூற்றுப் பதினெட்டுக் கட்டடங்களின் எண்கள் உள்ளன. தவிர, 'இதர' என்ற அடுக்கில் பல குறிப்புகள் உள்ளன. வாசிக்கிறேன்," என்றது உதவியாளர், தேன் ஒழுகும் குரலில். "ஒன்று. வரவேற்பறைப் பெண். தானே சமைத்தது என்று எல்லாருக்கும் கொடுக்கும் கேக்கை மூலைக்கடையில் வாங்குகிறார்."

கூடம் கொல்லென்று சிரித்தது. பூட்டக்காவுக்கு உயிரே போய்விட்டது.

"இரண்டு. தலைமை மெக்கானிக். மூடிய லிஃப்டுக்குள் நின்றால் மூச்சு முட்டும். எந்த மாடிக்கும் படியில்தான் ஏறுவார்."

உடம்பு இளைக்கத்தான் படியேறுகிறேன் என்று பல வருஷமாகப் பீற்றிக்கொண்ட மனிதர் அவர். பூட்டக்காவுக்கு நேர் பின்னால்தான் நின்றிருந்தார். இளசுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அவர் முகம் சுண்டிப்போனது.

அடுத்து வாசிக்கப்போவது பூட்டக்காவின் திரையில் முன்கூட்டியே வந்துவிட்டது. 'மூன்று. முதலாளி வீட்டு லிஃப்ட். பராமரிப்பவர்கள் எதிர்த்தெருக் கம்பெனி. நம் ஆட்களுக்குத் தெரியவே கூடாது.'

நிறுத்தினால் லீவு போச்சு. பிரசவ அறை வாசலில் மகளுக்கென்று நிற்க ஆள் இருக்காது. அது தெரிந்தேதான் பூட்டக்கா கட்டளையைத் தட்டினார். கன்டெய்னர் இருந்த இடம் தெரியாமல் போனது.

"என்னாச்சு?" என்றார் முதலாளி.

"நான்தான் நிறுத்தினேன் சார். தப்பு என்னோடது. அதுகிட்ட என் சாவியைக் குடுத்துட்டேன். பத்து நிமிஷம் குடுத்தீங்கன்னா..."

"ஓடலைன்னா ஓடலதான். டிக்கெட்டை ரத்து பண்ணிடுங்க." அவர் அறைக்குள் போய்விட்டார்.

பூட்டக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் முதலில் பின்னால் திரும்பினார். "அண்ணே, என்னை நம்பிச் சொன்னீங்க. உங்க மானத்தை வாங்கிட்டேன். மன்னிச்சிடுங்க."

"முட்டி தேய ஏறினேனே, எல்லாம் வீணாப் போச்சு" என்றார் தலைமை மெக்கானிக். பூட்டக்காவின் திரையில் இன்னும் அழியாமல் நின்ற மூன்றாவது குறிப்பைக் குனிந்து படித்தார். "சரி, எனக்குத்தான் இனிமே போறதுக்கு ஒண்ணும் இல்லையே. நீ அதைச் சரிபண்ணு, இதோ வரேன்." நேரே முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

பூட்டக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேடினார். திங்கட்கிழமை அவரேதான், எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கட்டுமே என்று, சின்னச் சாவிக்கு ஒருநாள்தான் ஆயுள் என்று வைத்திருக்கிறார்! தலையில் அடித்துக்கொண்டு புதுச் சாவி செய்தார், புதுக் கன்டெய்னரைக் கிளப்பினார்.

முதலாளி வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. "இன்னொரு தடவை காட்டுங்கம்மா" என்றார். இந்த முறை அவர் மைக் பக்கமே போகவில்லை. தலைமை மெக்கானிக்தான் எடுத்தார். "வேற என்னெல்லாம் வச்சிருக்க? எல்லாத்தையும் சொல்லு."

"லிஃப்ட் எண்கள் மட்டுமே என்னிடம் உள்ளன. வேறு எந்த அடுக்கையும் திறக்க எனக்கு அனுமதி இல்லை."

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தானே ஓடுது! ரெண்டு வாரம் எதுக்கும்மா, மூணு வாரமா எடுத்துக்கோங்க" என்று அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டார்.

பூட்டக்கா தலைமை மெக்கானிக்கை ஓரமாக இழுத்துப் போனார். "அண்ணே, உள்ள போய் அப்படி என்னதான் சொன்னீங்க?"

"நான் எதுவும் சொல்லலம்மா. 'சார், லிஃப்டுன்னா எனக்குப் பயம்தான். ஆனாலும் நாளைக்கு நம்ம பசங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு, படியேறி வந்தாவது உங்க வீட்டு லிஃப்டை ஒருதடவை பார்த்துக் குடுத்துடவா?'ன்னு கேட்டேன். ஐயோ வேண்டாம்னு பதறிட்டார். நீ போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்கு."